காய்க்கிற தக்காளியைப் பிடுங்கிய கதை

மாசி மகத்துக்கு மறுநாள் காலை. களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றிருந்தேன். எதிரில் 14 தக்காளிச் செடிகள். ஒவ்வொன்றிலும் அடிக்கொத்து சிவந்திருந்தது, நடுக்கொத்து வெளுத்துக்கொண்டிருந்தது, நுனியில் மஞ்சள் பூ. பிடுங்க வந்தவன் பிடுங்காமல், ஒரு பழத்தைத் துடைத்துப் பார்ப்பதும் சாய்ந்த கிளையைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவதுமாக இருந்தேன். அடிகுழாய் மேடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, பிடுங்கப் போகிறீர்களா, படையல் போடப் போகிறீர்களா?"

அத்தை என்றால் மனைவியின் அம்மா. பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி பார்க்க ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு நாள் என்று வந்து இரண்டு மாதம் இருப்பார். என்னை இதுவரை ஒருமுறைகூட ஒருமையில் பேசியதில்லை. ஆனால் அந்தப் பன்மைக்குள் எவ்வளவு திட்டு அடங்கும் என்பதை மாப்பிள்ளைகள் அறிவார்கள்.

செடி வளர்ப்பு பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்கள் வசந்தப் பயிரிலிருந்து கோடைப் பயிருக்கு மாறுவதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நம் ஊரில் அந்த வசந்தத்தை எங்கே போய்த் தேடுவது? இளவேனில் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். கணக்குப்படி அது சித்திரையும் வைகாசியும். கடலூரில் அந்த இரண்டு மாதமும் தார்ச்சாலை செருப்பில் ஒட்டுகிற மாதங்கள். இங்கே வீட்டுத் தோட்டம் உண்மையில் திரும்புகிற இடம் பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடிகாலையில் வெண்டை இலையில் கைவைத்தால் உள்ளங்கை நனைகிறது. பத்து மணிக்கு அதே இலை துவண்டு தொங்குகிறது. வாடைக்காற்று நின்று, காற்று தெற்கே திரும்பிவிடுகிறது. ஒரே நாளுக்குள் இரண்டு பருவம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மாசியில் எதைப் பிடுங்க வேண்டும் என்று சொல்கிற பழமொழி எதுவும் என் காதில் விழுந்ததில்லை. அந்த வேலைக்கு எனக்கு அத்தை இருக்கிறார்.

அந்த ஆண்டு என் தயக்கத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைமீறி வந்தது. எங்கள் கொல்லையில் இரண்டு நாள் முழங்கால் அளவு நின்றது. ஐப்பசியில் விட்ட நாற்று, முட்டைக்கோஸ், பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் போயின. வடிந்த பிறகு பார்த்தால் தரையில் இரண்டு விரற்கடை வண்டல். அதன்மேல் டிசம்பர் இரண்டாம் வாரம் மறுபடி தக்காளி விதைத்து, ஜனவரி முதல் வாரம் நாற்றைப் பிரித்து நட்டேன். ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில் செடி வளர்ந்த வளர்த்தியை நான் ஒன்பது ஆண்டுத் தோட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் தையில் காய்த்திருக்க வேண்டியது மாசிக் கடைசியில்தான் பழுக்க ஆரம்பித்தது. முதல் கூடை பறித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பிடுங்கு என்றால்?

பிடுங்கச் சொன்னது அத்தை மட்டுமல்ல. மாடிப்படியின் கீழே வரிசையாக 22 காகிதக் கோப்பைகள் நின்றன. டீக்கடைக் கோப்பைகள்தான். மாசி முதல் வாரத்தில் அவற்றில் பீர்க்கு, புடலை, பாகல், சுரை போட்டிருந்தேன். பீர்க்கும் சுரையும் அவசரக்காரர்கள். ஈரத்துணியில் முடிந்து வைத்தால் நான்காம் நாள் வேர் காட்டிவிடும். புடலையும் பாகலும் ஓடு தடித்தவை. ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, அடுப்படி மேடை மூலையில் வெதுவெதுப்பாக வைத்தும், பாகல் எட்டு நாள் வாய் திறக்கவில்லை. மகத்தன்று எல்லாவற்றுக்கும் நான்கு இலை. பற்றுக்கம்பிகள் நீண்டு, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், பக்கத்துக் கோப்பைச் செடியின் கழுத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. கொடிக்காய்க்கு வேர் அசைந்தால் பிடிக்காது. கோப்பையைக் கிழித்து மண்கட்டியோடு இறக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் விட்டால் வேர் அடியில் சுருண்டுவிடும். இறக்க இடம்? தக்காளி நிற்கிற இடம்தான். கிழக்குச் சுவரை ஒட்டி, பந்தல் போட வாகாக உள்ள ஒரே பாத்தி அது.

"இந்த மாதம் மட்டும் விட்டுவிடலாம் அத்தை. பூ எவ்வளவு இருக்கிறது பாருங்கள்" என்றேன்.

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நுனிக்கொத்தில் ஒரு பூவின் காம்பை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். தக்காளிப் பூவின் காம்பு நடுவில் ஒரு சின்ன முட்டி இருக்கும், நம் விரல் மூட்டு மாதிரி. அந்த முட்டி மஞ்சளாகியிருந்தது. அவர் தொட்டதும் பூ அங்கேயே கழன்று விழுந்தது. அடுத்த பூவைத் தொட்டார், அதுவும். கீழே மண்ணைப் பார்த்தேன். நான் பூ என்று எண்ணிக்கொண்டிருந்ததில் பாதி தரையில் கிடந்தது.

"பூ இருக்கிறது மாப்பிள்ளை. பிஞ்சு எங்கே?"

இதைப் பிறகு நான் படித்த விதத்தில் சொன்னால் இப்படி: தக்காளி பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்துக்குத்தான் அதிகம் அஞ்சுகிறது. இரவு 21, 22 டிகிரிக்கு மேல் போகப்போக மகரந்தம் மலடாகும், பூ கருவுறாது, செடி அதை உதிர்த்துவிடும். கடலூரில் சித்திரை இரவுகள் பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் பகலில் பெற்ற சூட்டை நிலம் எளிதில் விடாது. காற்றிலேயே ஈரம் இருக்கிறது. ஓசூரிலும் கோவைப் பக்கத்திலும் இருந்து காணொளி போடுகிறவர்கள் ஏப்ரலில்கூடத் தக்காளி பறித்துக் காட்டுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவர்கள் இரவு வேறு, நம் இரவு வேறு. தப்பிப் பிடித்த காயும் நம் வெயிலில் முழுச் சிவப்பாகாது. 30 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சிவப்புச் சத்து ஊறுவது தடைப்படும். பழம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்று, தோல் தடித்துவிடும்.

2021இல் இதே தவற்றை முழுமையாகச் செய்திருக்கிறேன். அந்த ஆண்டு அத்தை வரவில்லை, கேட்க ஆளில்லை. தக்காளியையும் பழைய கத்தரியையும் சித்திரை வரை வைத்துக்கொண்டு, நடுவில் கிடைத்த சந்துகளில் வெண்டை போட்டேன். இடத்தை வீணாக்காத கெட்டிக்காரன் என்று நினைப்பு. வெண்டை முளைத்து ஆறு இலை விட்டதும் ஒரு நாள் தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்தேன். விபூதித் தட்டை ஊதினாற்போல் வெள்ளையாக ஒரு படலம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நேராக வெண்டையின் அடியில் போய் உட்கார்ந்தது. வெள்ளை ஈ. முதிர்ந்த செடியில் அது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இளஞ்செடியை நானே வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பத்து நாளில் வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள், நடுவில் பச்சை தீவு தீவாக. மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ சுமந்துவரும் வைரஸ் நோய் அது. வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய், மஞ்சள் ஒட்டட்டை எல்லாம் ஈயைக் குறைக்குமே தவிர, வெளுத்த செடியைத் திருப்பித் தராது. காய்த்த சில காய்களும் வெண்மையாக, நார் ஏறி, பென்சில் மாதிரி இருந்தன. 30 செடியையும் பிடுங்கியபோது மே மாதம். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் காய் முழுவதும் உழவர் சந்தைக் காய்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கைவரவில்லை என்பதுதான் வேடிக்கை. தக்காளி சந்தையில் கிலோ பத்து ரூபாய்க்கும் கிடைக்கிற பொருள். அதன்மேல் எனக்கு என்ன பாசம்? வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் கால் புதைய நின்று நட்டது என்பதாக இருக்கலாம். அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடந்துபோனபோது அவர்கள் கொல்லையில் (பண்ருட்டிப் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம் இல்லை, ஏக்கர் கணக்கில் முந்திரியும் பலாவும்) அவருடைய மாமனார் காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவற்றை அறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் குழிகளிலேயே மறுபடி கன்று வைத்த மனுஷி. மூன்று மாதச் செடிக்காக அவர் முன்னால் முகம் சுளிப்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

பிடுங்கினேன். 14இல் 13. குழாய் ஓரமாக நின்ற ஒன்றை மட்டும், பந்தலுக்குத் தொந்தரவு இல்லை என்று சொல்லி, விட்டுவைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

பறித்ததைக் கூடத்தில் பழைய புடவை விரித்துப் பரப்பினோம். பழுத்ததும் செங்காயுமாக ஆறு கிலோ, பச்சைக் காய் ஐந்து கிலோ. செங்காய்களைச் செய்தித்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தால் நான்கைந்து நாளில் தானாகப் பழுக்கும். பச்சைக் காய் விஷயத்தில்தான் வீடு இரண்டுபட்டது. மனைவி பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார். அத்தை எள் வறுத்துப் போட்டு, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தார். நான் துவையல் கட்சி. பழுத்த தக்காளியில் அந்தப் புளிப்பு வராது. பழையசோற்றுக்குத் தொட்டுக்கொண்டு மூன்று நாள் சாப்பிட்டேன். பிடுங்கிய துக்கம் நாக்கில் அவ்வளவாகத் தெரியவில்லை.

பிடுங்கிய வேர்களில் மூன்றில் மட்டும் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு. வேருக்குள் புகுந்து முடிச்சுப் போடும் கண்ணுக்குத் தெரியாத புழு அது. தக்காளியைப் பிடித்தால் அடுத்து வெண்டையையும் பிடிக்கும், கொடிக்காயையும் விடாது. அந்த மூன்று செடியை எருக்குழியில் போடாமல் காயவைத்து எரித்தேன். அவை நின்ற இடத்தில் எதையும் வைக்காமல், ஒரு முழ ஆழம் மண்ணைக் கிளறிவிட்டு வெயிலுக்குத் திறந்துவைத்தேன். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று கோடை உழவுக்குச் சொல்வார்கள். புரண்ட மண் காய்ந்தால் புழுவும் முட்டையும் களை விதையும் கருகும் என்பது அதன் கணக்கு. மாடியில் பழைய பைகளின் மண்ணையும் அப்படியே தார்ப்பாயில் கொட்டி நான்கு நாள் காயவிட்டேன். மாடித் தோட்டக்காரர்கள் பலர் பையின் மேல்மண்ணை மட்டும் கிளறி, ஒரு பிடி உரம் போட்டு, அடுத்த விதையை ஊன்றிவிடுகிறார்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தும். கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்கு அந்த உப்பு கோடையில்தான் வேலையைக் காட்டும்: தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், இலை ஓரம் தீய்ந்துபோகும். காயவைத்த மண்ணை மழைத் தொட்டித் தண்ணீரால் ஒருமுறை நன்றாக அலசி வடியவிட்டுத்தான் நான் எருக் கலக்கிறேன்.

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. அவரைக்கு நாள் நீண்டால் பூக்காது. பகல் குறைந்த மாதங்களின் கொடி அது. தை முடிந்ததும் அதன் பூங்கொத்தில் பூவைவிட அசுவினிதான் அதிகம், கறுப்பாக அப்பிக்கொண்டு. அதை யோசிக்காமல் அறுத்தேன். கத்தரி வேறு ஜாதி. கரும்புக்கு மறுதாம்பு விடுகிற மாதிரி கத்தரியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வெட்டி, தூரில் மட்கிய எருவும் வேப்பம்புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் கட்டினால், மூன்று வாரத்தில் புதுத் துளிர் வந்து இன்னொரு சுற்றுக் காய்க்கும். நான் வைத்திருப்பது பாலூர் 1. பண்ருட்டி போகிற வழியில் உள்ள பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். நம் வெயிலுக்குப் பழகியது. மிளகாய்க்கு மேற்கு வெயில் படாமல் மறைப்புக் கொடுத்தால் போதும், கோடையைக் கடந்துவிடும். கொத்தமல்லி வெயில் ஏறியதும் இலையை மறந்துவிட்டுத் தண்டு விட்டு, குடை குடையாக வெள்ளைப் பூ பூத்துவிட்டது. அதில் பாதியை விட்டுவைத்தேன். அந்தப் பூவைத் தேடிக் காலையில் வருகிற தேனீக்கள் பிறகு பாகலுக்கும் பூசணிக்கும் உதவும். பச்சையாக இருக்கும்போது இரண்டு விதையை நசுக்கி ரசத்தில் போட்டுப் பார்த்தவர்கள் கொத்தமல்லி பூத்துவிட்டதே என்று வருந்த மாட்டார்கள்.

பந்தலுக்கு சவுக்குக் கழி. இந்தக் கடற்கரைப் பகுதியில் மலிவாகக் கிடைக்கிற நல்ல பொருள் அதுதான். ஒன்பது கழி ஊன்றி, மேலே கம்பி இழுத்து, குறுக்கே தேங்காய் நார்க்கயிறு கட்டினேன். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் சுடும், இளங்கொடியின் பற்றுக்கம்பி அதில் வழுக்கும். நார்க்கயிற்றில் ஒருமுறை சுற்றினால் பிடித்துக்கொள்ளும். ஒரு முழக் குழி, அதில் எருவும் மணலும் வண்டலும், குழிக்கு இரண்டு நாற்று. மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கரும்புச் சோகை. நெல்லிக்குப்பம் பக்கத்து வயல்களில் கரும்பு வெட்டுகிற காலம் என்பதால் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஏற்றிவரும் கூலிதான் நமக்கு. சோகை போடாத பாத்திக்கு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமென்றால் சோகை போட்ட பாத்திக்கு ஒரு தடவை போதும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் நடுப்பகலிலும் மண் குளிர்ந்திருக்கும்.

இன்னொரு வேலைக்கும் பங்குனிதான் கடைசிக் கெடு. மீன் கழிவிலிருந்து செய்கிற ஊட்டக் கரைசல், மீன் அமிலம். ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தடை வந்துவிட்டால் முதுநகர்த் துறைமுகத்தில் மீனே குறைவு, அப்புறம் கழிவு எங்கே? அதனால் மார்ச் மாதமே போய்ச் செதிலும் செவுளும் குடலுமாக மூன்று கிலோ வாங்கிவந்து, சரி எடைக்கு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, மூடிபோட்ட வாளியில் வைத்துவிட வேண்டும். முதல் வாரம் வாளிப் பக்கம் போக முடியாது. என் வீட்டில் அது மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத மூலையில்தான் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் தேன் பதத்தில் பழவாசனை வீசும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, மாலையில் தெளித்தால் கொடி கறுகறுவென்று ஏறும்.

மீன் என்றதும் கருவாடும் நினைவுக்கு வருகிறது. பீர்க்கு, பாகல், புடலை மூன்றுக்கும் பொது எதிரி பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் துளையிட்டு முட்டை வைத்துவிடும். காய் கோணி, உள்ளே புழுத்து வெம்பும். தண்ணீர் பாட்டிலில் நான்கு துளை போட்டு, உள்ளே நனைத்த கருவாட்டுத் துண்டைப் போட்டுப் பந்தலில் கட்டினால் ஈ வாசனைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். பத்து நாளுக்கு ஒருமுறை துண்டை மாற்ற வேண்டும். திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தையில் கருவாடு வாங்கும்போது இதற்கென்று ஒரு கை உடைசல் கேட்டு வாங்குவேன். காராமணி என்று பெயர் வைத்துக்கொண்டு கருவாட்டுக்குப் புகழ்பெற்ற ஊர்! வீட்டுக்குள் சமையலுக்கு வந்த நெத்திலியை நான் ஈக்குக் கட்டிவிட்டதாக அத்தைக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்த ஆண்டு மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம். கோடைத் தோட்டத்தின் கணக்கெல்லாம் அந்த ஒரு தேதியை வைத்துத்தான். கத்திரி தொடங்குவதற்குள் பந்தல் மூடியிருக்க வேண்டும். மூடிவிட்டால் தன் தூருக்குத் தானே நிழல். கீழே மண் காயாது, ஓரத்தில் மிளகாயும் முளைக்கீரையும் பிழைக்கும். மூடாமல் பாதிக் கொடியாக மாட்டிக்கொண்டால், கடல்காற்று தாமதமாகிற நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் அந்த மேற்குக் காற்று நுனியைப் பொசுக்கிவிடும். அதோடு வெப்பமும் நீண்ட பகலும் கொடிக்காயில் ஆண் பூவையே பெருக்கும். பந்தல் முழுக்கப் பூவாக இருக்கும், காய் இருக்காது. மாசியில் விதைத்துப் பங்குனி முதல் வாரம் இறக்கிய கொடி ஏப்ரல் 20 வாக்கில் முதல் பீர்க்கங்காயைத் தந்துவிட்டது. தக்காளிக்குப் பாவம் பார்த்து ஒரு மாதம் தள்ளியிருந்தால் அந்த முதல் பூ கத்திரிக்குள் போய் விழுந்திருக்கும். வெண்டையும் கொத்தவரையும் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாதவை. தூய பைகளில் தனியாக, மாடியில், தக்காளி வாடையே இல்லாத இடத்தில் போட்டேன். 45ஆம் நாள் வெண்டை பறித்தோம். இலை கடைசி வரை பச்சை. கொத்தவரைக்கு வெயில்தான் சோறு. தின்று தீராததை மோரில் வேகவைத்து உப்புப் போட்டு மாடியிலேயே காயவைத்தோம், விளைந்த பைக்குப் பக்கத்திலேயே வற்றல்.

பீர்க்கம்பூ சாயங்காலம் மலரும். இதை ஒன்பது ஆண்டில் நான்கு ஆண்டு கழித்துத்தான் கவனித்தேன். அதுவரை காலையில் போய் வாடிய பூவைப் பார்த்து, ஏதோ நோய் என்று நினைத்திருந்தேன். பாகல், பூசணி, வெள்ளரிக்குக் காலைப் பூ, தேனீ பார்த்துக்கொள்ளும். பீர்க்கு ஐந்து மணிக்கு மேல்தான் மொட்டை அவிழ்க்கும். புடலையும் சுரையும் இன்னும் பிந்தி, வெள்ளையாக, இருட்டில் தெரிகிற நிறத்தில். அந்துப்பூச்சிக்கான பூக்கள் அவை. எங்கள் தெருவில் புது விளக்கு போட்ட பிறகு அந்துகள் எல்லாம் விளக்கைச் சுற்றுகின்றன, பந்தலுக்கு வருவதில்லை. பிஞ்சு மூன்று நாளில் மஞ்சளாகி நுனியிலிருந்து சுருங்கும்.

அதனால் அந்தக் கோடையில் அலுவலகம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. ஆண் பூக்கள் ஒரு நீண்ட காம்பில் கொத்தாக வரும், நாளுக்கு ஒன்றிரண்டு மலரும். பெண் பூ தனி. பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் பருமனில், ஏற்கெனவே வரி வரியாக ஒரு குட்டிப் பீர்க்கங்காய். ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவில் மஞ்சள் பொடி நிற்கிற பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தால் ஆயிற்று. ஒரு ஆண் பூ மூன்று பெண் பூவுக்குப் போதும். முதல் நாள் நான் பூவைக் கசக்கிவிட்டேன். ஸ்டூலில் ஏறி நின்று, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பூவோடு பூவை உரசிக்கொண்டிருந்த என்னை அத்தை கீழே நாற்காலியில் இருந்து பார்த்தார். பந்தல் மூடிய நாளிலிருந்து அந்த நாற்காலி உள்ளே போகவே இல்லை.

"எங்கள் ஊரில் இதையெல்லாம் பூச்சியே செய்துகொள்ளும்" என்றார்.

"இங்கே பூச்சி தெருவிளக்கில் இருக்கிறது அத்தை."

"மாப்பிள்ளை பந்தலில் இருக்கிறார்."

அன்று தொட்டுவிட்ட ஐந்து பூவில் நான்கு பிடித்தன. எட்டாம் நாள் நான்கு காய், முழங்கை நீளம். தோலைச் சீவித் துவையல், சதையில் பாசிப்பருப்புக் கூட்டு.

குழாயோரம் விட்டுவைத்த அந்த ஒற்றைத் தக்காளியைப் பற்றிச் சொல்லவில்லையே. அதற்கு நான் சலுகையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பகலில் பச்சை நிழல்வலை, தூரில் சோகை, காலை மாலை தண்ணீர். சித்திரை முழுக்க அது பூத்தது. நாள்தோறும் காலையில் காம்பு முட்டியைத் தொட்டுப் பார்ப்பேன், உதிரும். மொத்தம் மூன்று காய் பிடித்தது. இரண்டு கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக நின்றுவிட்டன. ஒன்றின் அடி கறுத்து அழுகிவிட்டது. ஆனால் செடி சாகவில்லை. தன் குச்சியில் சாய்ந்துகொண்டு நின்றது.

வைகாசியில் ஒரு நாள் காலை அது தரையில் கிடந்தது. வேர் மண்ணில்தான் இருந்தது, குச்சியைக் காணோம். சுற்றிப் பார்த்தேன். பந்தலின் தெற்கு மூலையில், காய்ப் பாரம் தாங்காமல் இரண்டு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த புடலைக்கு முட்டுக் கொடுத்து ஊன்றியிருந்தது.

"அத்தை, தக்காளிக்கு வைத்த குச்சியை எடுத்தீர்களா?"

முறத்தில் கொத்தவரை வற்றலைப் புடைத்துக்கொண்டே சொன்னார். "ஆமாம் மாப்பிள்ளை. அது சும்மாதானே நின்றது."

செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு வந்தேன். அந்த இடத்தில் பருப்புக்கீரை விதையைத் தூவினோம்.